கவிழ்த்து வைத்த பிறை

1955ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நோன்பு இருபத்துமூன்று. கச்சான் காற்று தொடங்கி ஐந்தாவது நாள். மேற்கே வயல்வெளியின் சூட்டை அள்ளிவந்து மருதமுனையின் மணல் ஒழுங்கைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் என் மனைவி படுத்திருந்த அறைக்குள் ஒரு சுளகை எடுக்கப் போனேன்.

சுளகில் நாற்பத்துமூன்று கண்ணாடித் துண்டுகள் இருந்தன. பெருநாளைக்கு யன்னலில் தொங்கவிடுவதற்காக நான் வெட்டியவை. வட்டமான ஒரு கண்ணாடிப் படம்: நீல வானம், நடுவில் மஞ்சள் பிறை, பிறைக்குள் ஒரு சிவப்பு நட்சத்திரம், சுற்றிவரப் பச்சைக் கரை. ஏழு வரிசை. மேலிருந்து கீழாக ஐந்து, ஆறு, ஏழு, ஏழு, ஏழு, ஆறு, ஐந்து. ஒவ்வொரு துண்டிலும் சோற்றுப்பசையால் சிறு கடதாசி ஒட்டி இலக்கம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, பொட்டலத்தின்மேல் வரிசையின் இலக்கத்தையும் எழுதியிருந்தேன். வீட்டில் கச்சான் நுழையாத அறை அது ஒன்றுதான். அதனால்தான் சுளகை அங்கே வைத்தேன். வேறு நோக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

அவள் அந்த அறைக்குள் இருந்தது முப்பத்திரண்டாவது நாள். ஏப்ரல் 15ஆம் திகதி எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண். ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைப்பதற்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது, ஆறாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போய்விட்டது. பிள்ளை போனாலும் நாற்பது நாள் நாற்பது நாள்தான். அறையை விட்டு அவள் வெளியே வரக்கூடாது. அவளும் வர விரும்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளுடைய உம்மா, என் மாமி, கொடுக்கும் மருந்துச் சோற்றில் நான்கைந்து வாய் தின்பாள். யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. பிள்ளையை அடக்கிய நாளிலிருந்து அன்றைக்கு இருபத்தாறு நாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் அப்படியே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். ஊரில் அப்படி இருந்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி மாமி ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கண்ணாடி வேலை எனக்கு யாரும் பழக்கியதல்ல. ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது கைவேலைப் பாடத்தில் கடதாசி வெட்டி யன்னலில் ஒட்டினோம். பிறகு கல்முனையில் ஒரு பழைய பங்களாவை உடைத்தபோது அதன் யன்னல்களிலிருந்த நிறக் கண்ணாடிகளை ஒருவர் விலைக்குப் போட்டிருந்தார். ஒன்பது சட்டம் வாங்கினேன். சிவப்பு இரண்டு, நீலம் நான்கு, மஞ்சள் மூன்று. படச் சட்டம் போடும் கடைக்காரரிடம் கண்ணாடி வெட்டும் வைரமுனையை இரவல் எடுத்து, நான்கு கண்ணாடிகளை வீணாக்கி, ஐந்தாவதில் ஒரு மீன் செய்தேன். அதற்குப் பிறகு கலியாண வீடுகளுக்கும், சுன்னத்து வைக்கும் வீடுகளுக்கும், மீலாது விழாவுக்கும் என்று பதினொரு படங்கள் செய்துவிட்டேன். எங்கள் கலியாணத்துக்கு நானே ஒரு மாதுளம்பூ செய்தேன். மாப்பிள்ளை தன் கலியாணத்துக்குத் தானே அலங்காரம் செய்கிறார் என்று பெண் வீட்டார் சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பச்சைதான் கிடைக்கவில்லை. கடைசியில் கல்முனை றெஸ்ட் ஹவுஸ் காவல்காரர் சதுரமான ஜின் போத்தல்கள் ஆறு தந்தார். சதுரப் போத்தலின் பக்கங்கள் தட்டையானவை, வெட்டலாம். நோன்பு மாதத்தில் ஒரு வாத்தியார் சைக்கிள் கரியரில் ஆறு சாராயப் போத்தல்களைக் கட்டிக்கொண்டு பெரிய பள்ளிவாசலடியைக் கடந்து வந்ததை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. இரண்டு பத்திரிகைத் தாள்களில் சுற்றியிருந்தேன். கச்சான் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போயிற்று.

மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, கதவுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். அன்றும் அப்படித்தான்.

"நோன்போட இதெல்லாம் ஊட்டுக்குள்ள வரப்படாதெண்டு மருமகனுக்கு ஆராவது சொன்னா நல்லம்."

வெறும் போத்தல்தான் மாமி என்றேன். ஏழு தரம் கழுவினால் உள்ளே வரலாம் என்று கதவு சொன்னது. நான் ஏழு தரம் கழுவி வைத்தேன். மாமி எடுத்துப் போய்த் தானும் கழுவினார். கிணற்றடியில் வாளி விழும் சத்தத்தை எண்ணினேன். பதினொன்று.

இதெல்லாம் நடந்தபோது அறைக்குள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை சுளகை எடுக்கப் போனால், பொட்டலங்கள் ஏழும் அவிழ்ந்து கிடந்தன. துண்டுகள் சுளகில் இல்லை. யன்னலோரம், அவளுடைய பாயின் பக்கத்தில், வெள்ளைத் துணியொன்றின்மேல் படம் முழுவதும் அடுக்கப்பட்டிருந்தது. நாற்பத்துமூன்று துண்டும் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்தி வட்டமாக இருந்தன. கிழக்கு யன்னலின் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, துண்டுகளின் விளிம்பு ஒவ்வொன்றும் நீர்க்கோடு போல மினுங்கிற்று. அவள் எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முதலில் கண்ணில் பட்டது பிழை. பிறை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வரைந்தது வளர்பிறை. அங்கே கிடந்தது தேய்பிறை.

எப்படி வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. குர்ஆன் ஓதுவாள், அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகளை வாசிப்பாள். இரண்டும் வலமிருந்து இடமாகப் போகிறவை. தறிக்கு நூல் எண்ணிக் கொடுத்த வீட்டுப் பெண் என்பதால் இலக்கங்கள் நன்றாகத் தெரியும். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடப்பக்கத்திலிருந்து எழுதியிருந்தேன். அவள் ஒன்றை வலப்பக்கத்தில் வைத்துத் தொடங்கியிருக்கிறாள். மாதிரிப் படம் என் பாடக்குறிப்புப் புத்தகத்துக்குள் இருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. அப்படி வைத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆனால் ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்தால் பொருந்தும். ஒட்டிய இலக்கங்கள் எல்லாம் துணிப்பக்கம் போயிருந்தன. நாற்பத்துமூன்றையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்திருக்கிறாள்.

நான் குந்தி உட்கார்ந்து, இது பிழை, இது தேய்பிறை, பெருநாளைக்குத் தேய்பிறை வைப்பார்களா என்று சொல்லிக்கொண்டே முதலாம் வரிசையிலிருந்து துண்டுகளை எடுக்கத் தொடங்கினேன். மூன்று எடுத்துவிட்டேன். நான்காவதில் அவளுடைய கை என் கையின்மேல் வந்தது. சூடான, எலும்பு தெரியும் கை.

"எடுக்காதீங்க," என்றாள். "எனக்குத் தெரியிற பிறை இப்பிடித்தான்."

இருபத்தாறு நாளுக்குப் பிறகு வந்த குரல் கரகரவென்று இருந்தது. நான் எடுத்த மூன்று துண்டுகளையும் திரும்ப வைத்தேன். அவசரத்தில் ஒன்றை நேராக வைத்துவிட்டேன். அவள் அதைக் கவிழ்த்தாள்.

அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. பகல் முழுவதும் யோசித்தேன். விடியுமுன் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது நாங்கள் எல்லாரும் குசினியில் இருப்போம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒன்பது நிமிடம், இன்னும் நான்கு நிமிடம் என்று சொல்லிக்கொண்டு தின்பேன். வானத்தைப் பார்ப்பதில்லை. மறுநாள் சஹருக்குச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு அவளுடைய அறைக்குப் போனேன். அவள் விழித்திருந்தாள். யன்னல் திறந்திருந்தது. கடல் தெரியாது, தென்னைகளுக்கு அப்பால் இரைச்சல் மட்டும்தான். தென்னைகளுக்கு மேலே பிறை நின்றது. கீழே இடப்பக்கமாக வெளிச்சம் நிறைந்து, முனைகள் வலப்பக்கமாக மேலே நீண்டு, ஊதிவிட்டால் அசையும் போல இருந்தது. துணியின்மேல் கிடந்த கண்ணாடியும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தேன். எது எதைப் பார்த்துச் செய்தது என்று ஒரு கணம் குழப்பமாகிவிட்டது.

அவள்தான் சொன்னாள். "முதல்ல ஓதுற கைப்பழக்கத்துல வச்சிட்டன். நாலாம் வரிசையில பிறை வந்த பொறகுதான் பார்த்தன். புள்ள இருந்த ஆறு நாளும் சுபஹுக்கு முந்தி முழிப்பான். மடியில வச்சிக்கிட்டு இருப்பன். இந்த யன்னலால இதுதான் தெரியிற. அப்ப இன்னும் பெரிசு. அவனும் பார்த்தானெண்டுதான் நெனைக்கன்." துணியின் ஓரத்தை நீவிவிட்டு, "மறுகா மாத்த மனம் வரல்ல" என்றாள்.

ஏப்ரல் 15 முதல் 20 வரை எந்தப் பிறை என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவள் சொன்னது சரியா என்று நான் கணக்குப் பார்த்தேன் என்பதை அவளிடம் எந்நாளும் சொன்னதில்லை.

பள்ளியில் சுபஹுக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தேன். அன்று ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு பிடித்தேன்.

அன்று பின்னேரம் ஈயம் பற்றவைத்தோம். தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் மெல்லிய ஈயத்தாள் இருக்கும். பலசரக்குக் கடைகளில் சும்மா கிடைக்கும். அதைக் கால் அங்குலப் பட்டியாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் சுற்றி, நகத்தால் அழுத்திவிடவேண்டும். பிறகு குங்கிலியத் தூளைத் தூவி, சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி விளிம்போடு விளிம்பைப் பிடிக்கவைக்கவேண்டும். சூடுதான் சங்கடம். சிரட்டைக் கரியில் பழுக்க வைத்த கோலை எடுத்து ஒன்பது எண்ணிவிட்டு வைக்கவேண்டும். ஏழில் வைத்தால் சுற்றிய ஈயத்தாளும் சேர்ந்து ஓடிவிடும். பன்னிரண்டில் வைத்தால் பற்றாது. கரி அடுப்பை அறை வாசலுக்கு வெளியே வைத்தேன், படத்தை வாசற்படிக்கு உட்புறமாக ஒரு பலகையில் வைத்தேன். அவள் உள்ளே பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கோலை எடுத்தேன். எண்ண வாயைத் திறக்குமுன் அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தறிக்கு நூல் எண்ணும் இழுவையில் எண்ணினாள். ஒன்பதில் நான் வைத்தேன். வெள்ளிபோல ஓடிப் பிடித்தது. குங்கிலியப் புகை மௌலூது ஓதும் வீட்டின் வாசனையோடு அறைக்குள் போயிற்று. அவளுடைய குரல் புகைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடியது, கச்சான் கிடுகுகளை உராய்ந்தது, அவள் எண்ணினாள். நோன்பும் வெயிலும் புகையும் சேர்ந்து என் தலை இலேசாக மிதந்தது. எண்ணும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. அன்று விட்டேன். அவள் ஒன்பது வரைக்கும் எண்ணியது அறுபத்துநான்கு தரம். அதை மட்டும் நான் எண்ணினேன்.

இனி எங்கே மாட்டுவது என்ற கதை வந்தது. கிழக்கு யன்னலில் காலை வெயில் நன்றாக விழும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் மேற்குச் சுவரைப் பார்த்தாள். இத்தனை நாள் முகம் வைத்துப் படுத்திருந்த சுவர் அதுதான்.

"பெருநாள் பிறை அங்காலதானே பாக்கிற," என்றாள்.

ஓம் என்றேன். எல்லாரும் வெளியே போய்ப் பிறை பார்ப்பார்கள், நோன்பு முப்பது பிடித்தாலும் அவளுக்கு அன்று முப்பத்தொன்பதாம் நாளாகத்தான் இருக்கும், ஒரு நாள் குறைவு. அதைத்தான் அவள் நினைக்கிறாள் என்று விளங்கியது. அந்தச் சுவரில் யன்னல் இல்லை. எங்கள் பக்கத்தில் மேற்கே யன்னல் வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை. கச்சான் ஐந்து மாதம் அடிக்கும். சூடும் புழுதியும் சோற்றுப் பானைக்குள் வந்துவிடும்.

யன்னல் வைத்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் பயந்தேன். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிப்பேன். மாமனார் இறந்து நான்கு வருடம், அவர் தறியில் உழைத்துக் கட்டிய சுவர் அது. நான் நினைத்தபடியே கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கல்லுக் கட்டின சுவரை மருமகன் நோன்பு மயக்கத்தில் உடைக்கப் பார்க்கிறார் என்றும், நாற்பது முடியாத மகளின் உடம்பில் கச்சான் பட்டால் என்ன வருமென்று வாத்தியார்மாருக்குப் படிப்பிப்பதில்லையா என்றும், இன்னும் பலதும் மாமி கதவிடம் சொன்னார்.

என் மனைவி பாயில் இருந்தபடியே குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"உம்மா, இது என்ட ஊடு. உடைக்கட்டும்."

பிறகு மாமி கதவைத் தள்ளிக்கொண்டு, என்னைத் தாண்டி நேரே உள்ளே போய், மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுதாரா என்று தெரியாது. நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். அன்று நோன்பு திறந்த பிறகு மருந்துச் சோறு மிச்சமில்லாமல் முடிந்தது.

வியாழக்கிழமை ஓடாவி மேசன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஓடாவி என்றால் எங்கள் பக்கத்தில் தச்சர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், எல்லாரும் கச்சானுக்குக் கதவச் சாத்துறாங்க. நீங்க வெத்தில வச்சிக் கூப்பிடுறீங்க."

வேலை முடியும்வரை இதையே ஒழுங்கையில் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அவருக்கு நோன்பு. வாய் மட்டும்தான் ஓயவில்லை. மூன்றடி அகலம், நாலரை அடி உயரம். கீழே இரண்டு கதவு, மேலே என் வட்டத்துக்கு ஒரு சதுரச் சட்டம். வேலை நடந்த நாட்களில் அவள் மூலையில் மறைப்புக்குப் பின்னால் இருந்தாள். வெள்ளி அரை நாள். சனி, ஞாயிறு. ஞாயிறு பின்னேரம் சட்டத்தில் கண்ணாடியை வைக்கும்போது ஓடாவி, பிறை மற்றப் பக்கமாக இருக்கிறதே, திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி மட்டும் ஒழுங்கையில் யாருக்கும் சொல்லவில்லை.

வேலையாட்கள் போனபோது மணி நாலே முக்கால். அறைக்குள் புழுதி இன்னும் அடங்கவில்லை. கச்சான் கீழ்க் கதவால் நேரே நுழைந்து எங்கள் இருவரின் முகத்திலும் அடித்தது. அதோடு வெயிலும் வந்தது. கண்ணாடி வழியாக வந்த வெயில் புழுதியில் நிறம் நிறமாகத் தெரிந்தது. பச்சைத் தூண், நீலத் தூண், நடுவே மஞ்சளாக ஒன்று. அவள் அந்த மஞ்சளுக்குள் கையை நீட்டினாள். உள்ளங்கை நிறைந்தது. விரலைச் சுருட்டினாள். பிறகு திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்து, "இஞ்ச பாருங்க" என்றாள்.

கிழக்குச் சுவரில் படம் முழுவதும் விழுந்திருந்தது. யன்னலைப் பார்த்தால் பிறை தேய்பிறை. திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தால் அதே பிறை வளர்பிறை. நான் வரைந்தது அங்கே இருந்தது. அவள் அடுக்கியது இங்கே இருந்தது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றோம். சூரியன் இறங்க இறங்க, சுவரில் பிறை மெல்ல மெல்ல மேலே ஏறியது. நிறங்கள் தடித்து, சிவந்து, கூரையை நோக்கிப் போயின. எத்தனை மணிக்கு மறைந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. என் நாட்குறிப்பில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

ஞாயிறு மாலை பிறை தெரியவில்லை. நோன்பு முப்பதாயிற்று. திங்கட்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு நான் மற்றவர்களோடு பிறை பார்க்க வெளியே போகாமல் அறைக்கு வந்தேன். மாமி கதவுக்குப் பின்னால் நிற்காமல் யன்னலடியிலேயே நின்றார். முருங்கை மரத்துக்கு அப்பால், வயல் பக்கத்து வானம் செம்மண் நிறத்திலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் கண்டாள். விரலை நீட்டினாள், நான் விரலின் நுனியிலிருந்து பார்வையை மேலே கொண்டுபோனேன். நகம் வெட்டி எறிந்தது போல ஒரு கீற்று. அது இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை. கரையில் மல்லாத்தி விட்ட தோணிபோல, முனை இரண்டையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு மட்டமாகக் கிடந்தது. எழுபது வருடமாகப் பிறை பார்த்திருக்கிறேன். எங்கள் வானத்தில் அது பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும். அந்த மாலைக்கு முன்பு நான் பார்த்தது படங்களில் நிற்கும் பிறையை.

மாமி துஆ ஓதினார். தெருவில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பள்ளியில் தக்பீர் தொடங்கிவிட்டது. அவள் யன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு, கச்சானில் முக்காடு பறக்க, கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கீழே குனிந்து புதிய சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், கொண்டியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள், கதவை ஒருமுறை சாத்தித் திறந்தாள். வீட்டுக்காரி.

"ஓடாவிக்கும் மேசனுக்கும் எல்லாம் குடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

கொடுத்தாயிற்று என்றேன்.

"மரம், கொண்டி, சுண்ணாம்பு எல்லாத்தோடயும் எவ்வளவு? முப்பதுக்குள்ள வந்திருக்கும், என்ன?"

முப்பத்தெட்டு ரூபாய் அறுபத்தைந்து சதம் என்று சொன்னேன்.